கல் பொறுக்குவது எப்படி? (காங்கயம் முறை)

முதலில் நிலம் வேண்டும். காவிரிப் பாசன நஞ்சைக்காரர்கள் இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவைத்துவிட்டு வெற்றிலை போடப் போகலாம். தஞ்சாவூர் வயலில் நாள் முழுக்கத் தேடினாலும் பல் குத்தக்கூட ஒரு கல் அகப்படாது. பெரிய கோயில் கட்ட ராஜராஜனே வெளியூரிலிருந்துதான் கல்லை வரவழைத்தான். வண்டல் மண்ணில் பிறந்தவர்களுக்கு இந்த வித்தை கைவராது. அதற்கு அவர்கள் பொறுப்பில்லை.

லட்சணமான நிலம் என்றால் காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், சென்னிமலை வட்டாரத்து மேட்டுக்காடுதான். மேற்கு மலை மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு மிச்சத்தை எங்களுக்கு அனுப்பும். வருசம் முழுக்கச் சேர்த்தால் 600 மில்லிமீட்டர் சொச்சம் தேறும். அந்த ஈரத்தில் கம்பும் சோளமும் கொள்ளும் நரிப்பயறும் சில வருசம் வரும், சில வருசம் வராது. கல் ஒரு வருசமும் பொய்த்ததில்லை.

காலம்: சித்திரை, வைகாசி. கோடை உழவு முடிந்திருக்க வேண்டும், அதன்மேல் ஒரு மழையும் பெய்திருக்க வேண்டும். மழைக்கு முன்னால் போனால் கல்லும் மண்கட்டியும் ஒரே நிறத்தில் கிடந்து ஏய்க்கும். கல்லென்று எடுத்தால் கையில் உதிரும். கட்டியென்று உதைத்தால் கால் நகம் பெயரும். மழை கழுவிவிட்ட மறுநாள் காலையில் வந்து பாருங்கள், காடு முழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கும். அந்த மாதங்களில்தான் பள்ளிக்கூடமும் விடுமுறை. வெயில் கொடுமைக்காகத்தான் விடுமுறை விடுகிறார்கள் என்று டவுனில் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எங்களை அந்த வெயிலில் நிறுத்துவதற்காக விட்டது என்பது எங்கள் கட்சி.

ஆள் பிடித்தல்

கூலிக்கு ஆள் வைத்துக் கல் பொறுக்குவது கணக்குக்கு ஒத்துவராது. நாலு ஏக்கர் கொள்ளு விற்ற காசை அப்படியே கூலியாகக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஆகவே பேரன் பேத்திகள். விடுமுறைக்கு வந்த வெளியூர்ப் பேரன்கள் இன்னும் விசேஷம். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும். அப்பாரு (தாத்தாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வேட்டியை மடித்துக் கட்டும்போதே எங்காவது ஒளிந்துகொள்வார்கள்.

கூப்பிடும்போது கல் என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. எங்கள் அப்பாருவின் முறையைச் சொல்கிறேன்.

“கண்ணு, காட்டுப் பக்கம் ஒரு எட்டுப் போய்ட்டு வந்தரலாமா?”

“எதுக்குங்க அப்பாரு?”

“சும்மாதான் சாமி. காத்தாட.”

காடு போய்ச் சேரும்வரை மயில் அகவுவது, வேலியில் காடை முட்டையிடுவது என்று பேச்சு ஓடும். வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரி முடிந்து கடவு தாண்டியதும் ஒரு கல்லைக் காலால் தொட்டுக் காட்டி, “இதையச் செத்த எடுத்து அந்தப் பக்கம் போடு பாக்கலாம்” என்பார். ஒரு கல்தானே என்று எடுப்போம். அடுத்த கல் இரண்டு அடி தள்ளிக் கிடக்கும். அவர் அதற்குள் வேப்ப மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். அங்கே ஏற்கனவே சட்டி, சாக்கு, சொம்பில் மோர், எல்லாம் வந்து இறங்கியிருக்கும். காத்தாட வந்த இடத்துக்கு இரும்புச் சட்டி எதற்கு என்று கேட்கத் தோன்றிய பிள்ளை எங்கள் வகையறாவில் இதுவரை பிறக்கவில்லை.

கூலி பேசிவிடுவது நல்லது. சட்டிக்கு ஐந்து பைசா என்பது எங்கள் காலத்து விலை. அதில் இரண்டு நுட்பம். ஒன்று, சட்டி நிறைந்ததா இல்லையா என்று தீர்மானிக்கிற உரிமை முழுக்க மரத்தடிக்கு உண்டு. மேலே கூம்பாகக் குவிந்தால்தான் ஒரு சட்டி. தலை தட்டினால் அது அடுத்த சட்டியின் முதல் பாதி. இரண்டு, பணம் கையில் கொடுக்கக் கூடாது. “கணக்கு வெச்சுக்க, கடலைக்காய் புடுங்குனதும் மொத்தமாத் தர்றேன்.” கடலைக்காய் பிடுங்குவது ஐப்பசியில். பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில். அந்த ஐந்து மாத இடைவெளியில் ஒரு மாபெரும் கூலி பாக்கி காற்றோடு போயிருக்கிறது.

மேற்பார்வை செய்கிறவருக்கான குறிப்பு: உட்கார்ந்த இடத்தைவிட்டு எழக்கூடாது, ஆனால் கண் மட்டும் காடு முழுக்க இருக்க வேண்டும். தாண்டிப் போன கல்லைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்து, “உன்ற பின்னால, வலத்து கைப் பக்கம், ஆ, அதேதான்” என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பேப்பர் எழுத்து தெரியாத கண்ணுக்கு நூறு கெஜத்தில் கிடக்கிற கல் தெரியும். இது எப்படி என்று கண் டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும்.

குனிவது

ஆயுதம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஓட்டை விழுந்து தண்ணிக்கு ஆகாத சட்டி, அடி தேய்ந்த நார்க்கூடை, கைப்பிடி போன களைக்கொத்து. பாதி மண்ணுக்குள் இருக்கிற கல்லைக் கிளப்பக் கடப்பாரை ஒன்று. புதுக்கூடையைக் கல்லுக்கு எடுத்தால் அப்பத்தா காட்டுக்கே வந்துவிடுவார். கையுறை கிடையாது. முதல் நாள் விரல் நுனி கன்றிப்போகும், அடுத்த நாள் தோல் உரியும், பிறகு விரல்ரேகை என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும். ஆதார் மையத்தில் விரல் வைத்து வைத்துப் பார்த்து, “பெருசு, இன்னொருக்கா அழுத்துங்க” என்று எங்கள் ஊர்க் கிழவர்களைப் பாடாய்ப் படுத்துகிறார்களே, அந்த இயந்திரத்துக்கு மேட்டுக்காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

களை வெட்டுகிற மாதிரி நிரை பிடித்துப் போக வேண்டும். ஆளுக்கு நாலு சால் அகலம். நிரை பிடிக்காமல் அவரவர் கண்ணில் பட்ட கல்லை எடுக்கப் போனால் காட்டின் நடுவே எல்லாரும் ஒரே கல்லுக்கு முட்டிக்கொள்வார்கள், நாலு மூலையும் அப்படியே கிடக்கும். வெயில் முகத்தில் விழுகிற திசையில் தொடங்கினால் கல்லின் நிழல் நம் பக்கமாக விழுந்து காட்டிக்கொடுக்கும். காலை ஏழு மணிக்கு நெல்லிக்காய் அளவுக் கல்லுக்குக்கூட நீளமான நிழல் இருக்கும். பதினோரு மணிக்கு நிழல் காலடிக்குள் போய்விடும். அதற்குமேல் பொறுக்குவது கண்ணுக்கும் கேடு, கல்லும் சுடும்.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் குடும்பங்கள் பிரிந்திருக்கின்றன. அப்பாரு கட்சி, கண்ணில் பட்டதெல்லாம் எடு. அப்பத்தா கட்சி வேறு. களைக்கொத்தின் வாயை மழுக்குகிற கல், கொழுவில் மாட்டி மாட்டை நிறுத்துகிற கல், அறுக்கும்போது அரிவாளில் படுகிற கல், கடலைச்செடி பிடுங்கும்போது காயோடு கூட வருகிற கல், இவை போக வேண்டும். முட்டிக்கைக்குக் கீழ்ப்பட்ட பொடிசை விட்டுவிட வேண்டும். “பொடிக்கல்லைப் பொறக்குனா ஈரம் போயிருமுடா” என்பார். வேலைக்குச் சோம்பிக்கொண்டு சொல்கிறார் என்று அப்பாரு நினைத்தார்.

அப்பத்தா சொன்னது சரி. மேலே பரவிக் கிடக்கிற பொடிக்கல் வெயிலை மண்ணில் நேராக விழ விடாது. உள்ளீரம் ஆவியாவது குறையும். மழைத்துளி மண்ணை அடித்துக் கிளப்பாமல் தாங்கிக்கொள்ளும், தண்ணீர் ஓடாமல் உள்ளே இறங்கும். சீனாவின் கன்சு மாகாணத்தில், எங்களைவிட மழை குறைந்த சீமையில், பல நூறு வருசமாக விவசாயிகள் ஆற்றுக் கூழாங்கல்லையும் சரளையையும் வண்டி வண்டியாக அடித்து நிலத்தில் பரப்பி அதற்குள் முலாம்பழம், தர்ப்பூசணி விதைக்கிறார்கள். கல்லைக் கொண்டுபோய்க் காட்டில் கொட்டுகிறார்கள்! இதை அப்பாருவிடம் சொல்லும் துணிச்சல் எனக்கு வருவதற்குள் அவர் காலமாகிவிட்டார். சொல்லியிருந்தாலும், “அவனுக்கு எங்க காட்டுக் கல்லு வேணுமான்னு கேளு, வண்டி வாடகை அவனுது” என்றுதான் சொல்லியிருப்பார்.

கையில் வந்தது என்ன?

எடுத்ததும் எறிந்துவிடாமல் ஒரு பார்வை பாருங்கள். பொழுதும் போகும், அடுத்த கல்லுக்குக் குனிவதும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

வெள்ளையாக, மெழுகு மினுக்கத்தோடு, உடைந்த முனை கண்ணாடி மாதிரி கீறினால் அது வெங்கச்சாங்கல். எங்கள் பக்கத்து அடிப்பாறை 250 கோடி வருசப் பழசு என்கிறார்கள். அந்தப் பாறையின் பிளவுகளுக்குள் பாய்ந்து உறைந்த வெள்ளை நரம்புதான் இது. சுற்றியிருந்த பாறை வெயிலிலும் மழையிலும் மக்கி மண்ணாகும், வெங்கச்சாங்கல் மக்காது. அதனால்தான் காட்டின் குறுக்கே ஒரு கோடு பிடித்த மாதிரி வெள்ளைக் கல் வரிசை ஓடும், வேலிக்கு அந்தப் பக்கம் பங்காளி காட்டிலும் அதே கோடு தொடரும். இந்தக் கோட்டின் மேல் நிரை விழுந்த பிள்ளையின் கதி அதோகதி. நிரை பிரிக்கும்போது மூத்த பேரன்கள் சண்டை போடாமல் ஒதுங்கி நின்றால் கோடு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும் என்று அர்த்தம்.

இந்தக் கல்லில் நல்லதாக இரண்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துப் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒன்றோடு ஒன்றை அழுத்தி உரசினால், பொறி வெளியே தெறிக்காமல் கல்லின் உள்ளேயே செம்மஞ்சளாக ஒரு வெளிச்சம் மினுக்கென்று வந்துபோகும். கூடவே மயிர் கருகின மாதிரி ஒரு வாடை. பகலெல்லாம் முதுகை ஒடித்த கல்லிடமிருந்து ராத்திரி வசூலித்த வட்டி அது. பெண் பிள்ளைகள் உருண்டையாக ஐந்து தேறினால் அஞ்சாங்கல்லுக்கு வைத்துக்கொள்வார்கள். ஆண் பிள்ளைகள் உண்டிவில்லுக்கு. இந்தக் கழிவெல்லாம் சட்டிக் கணக்கில் சேராது என்பதையும் அப்பாரு முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

சாம்பல் வெள்ளையில், முண்டும் முடிச்சுமாக, இஞ்சிக்கிழங்கு போல இருந்தால் சுக்காங்கல். மழை குறைந்த சீமையில் மண்ணுக்குள் இறங்கிய சுண்ணாம்புச் சத்து வெளியே போக வழியில்லாமல் அங்கேயே திரண்டு கட்டியாவது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் லேசாக நுரைக்கும். முன்பு இதைத் தனியாகக் குவித்து வைத்தால் சூளைக்காரர் வந்து அள்ளிப்போவார். கரியோடு சேர்த்து வேகவைத்துச் சுண்ணாம்பு எடுப்பார்கள். பழைய வீட்டுச் சுவர் பாதிக்குப் பாதி எங்கள் காட்டிலிருந்து போனதுதான்.

பச்சையாகவோ நீலமாகவோ ஒன்று மினுங்கினால் என்ன செய்வது? இந்தக் கேள்வியைக் கேட்காத பேரன் இல்லை, கேட்கக்கூடிய கேள்வியும்தான். காங்கயத்துக்குப் பக்கத்துப் படியூரில் பெரில் என்கிற கடல்நீலப் பச்சைக்கல் கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நொய்யல் கரையில் கொடுமணலில், 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது மணி கோக்கிற பட்டறைகளே வெளிவந்தன. நீலக்கல், பெரில், சூதுபவளம், பளிங்கு என்று துளை போட்டதும் போடாததும் அரைகுறையாக உடைந்ததுமாக. பதிற்றுப்பத்தில் வருகிற கொடுமணம் இந்த ஊர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ரோமாபுரி வரைக்கும் போன சரக்கு. அதற்கு வந்த காசும் எங்கள் பக்கத்து மண்ணில் கிடந்திருக்கிறது. கோயமுத்தூருக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் 1842இல் ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்தன.

ஆகவே ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் 1878ஆம் வருசத்துப் புதையல் சட்டம் என்று ஒன்று உண்டு. மண்ணுக்குள் புதைந்து பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுதிப்போட வேண்டும். பத்து ரூபாய் என்பது 1878 விலைவாசி. இன்றைக்கு ஒரு டீயே அதைத் தாண்டிவிட்டது. ராத்திரி யாரோ புதைத்து வைத்துவிட்டு மறந்த டீயாக இருந்தாலும் சட்டப்படி கலெக்டருக்கு எழுதிப்போடத்தான் வேண்டும். எனக்குத் தெரிந்து எங்கள் வகையறாவில் கலெக்டருக்கு எழுதுகிற அளவுக்கு எதுவும் அகப்படவில்லை. மினுங்கியதெல்லாம் அப்ரகம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துப் பல நாள் பணக்காரர்களாக இருந்தோம்.

தேள்

இது ஒன்றில் விளையாட்டு வேண்டாம். கல்லுக்கடியில் வெயிலுக்கு ஒதுங்குவது நாம் மட்டுமல்ல. பூரான், சுருட்டை விரியன், செந்தேள். கையை நேராகக் கல்லுக்கடியில் விடவே கூடாது. முதலில் களைக்கொத்தால் தட்ட வேண்டும். பிறகு கொத்தின் வாயைக் கல்லின் எதிர்ப்பக்க விளிம்பில் மாட்டித் தன்னை நோக்கிப் புரட்ட வேண்டும். அப்போது அடியில் இருக்கிறது எதுவானாலும் அந்தப் பக்கமாக ஓடும். நமக்கும் அதற்கும் நடுவில் கல் நிற்கும். இந்தப் பாடத்தை அப்பாரு வாயால் சொன்னதில்லை. முதல் கல்லை அவரே புரட்டிக் காட்டினார், அடியில் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஒன்று நின்றது, அவ்வளவுதான் பாடம்.

கருந்தேள் பார்க்கத்தான் பயங்கரம். சின்னச் செந்தேள்தான் எமன், அதிலும் குழந்தைகளுக்கு. கொட்டினால் மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தைக் கொல்லாமல் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மகாராஷ்டிரத்தில் மகாடு என்கிற சிற்றூரில் வைத்தியம் பார்த்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர் என்ற டாக்டர், ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கிற பிரசோசின் மாத்திரையைத் தேள்கடிக்குக் கொடுத்துப் பார்த்து, சாவை வெகுவாகக் குறைத்துக்காட்டினார். காட்டில் நாலு பேர் கல் பொறுக்குகிற வீட்டில் பாவஸ்கருக்கு ஒரு படம் மாட்டலாம்.

எடுக்கக்கூடாத கல்

சுறுசுறுப்பு மிஞ்சிப்போய் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுகிற பிள்ளைகளுக்காக இது. மஞ்சள் குங்குமம் தெரிந்தால் தொடாதீர்கள். அது யாருக்கோ குலதெய்வம். மேட்டில் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வட்டமாகப் பதிந்து நின்றால் அது ஈராயிரம் வருசத்துக்கு மேற்பட்ட ஈமக்குழியாக இருக்கலாம். உழவுக்கு இடைஞ்சல் என்று அந்தக் கல்வட்டங்களைக் கலைத்துக் கலைத்தே கொங்குநாட்டில் எவ்வளவோ அழிந்துவிட்டது. பொறுக்குகிறவர்களில் எங்களைப் போன்ற கெட்டிக்காரர்கள் அதிகம்.

காட்டெல்லையான பொழியில் செதுக்கின தலையோடு குத்துக்கல்லாக நிற்பது அத்துக்கல். அதை அசைத்தால் 1923ஆம் வருசத்து நில அளவை எல்லைச் சட்டப்படி குற்றம். சட்டம்கூடப் பரவாயில்லை, பங்காளிகள் இருக்கிறார்கள்.

இந்தப் பங்காளி விவகாரம் எறிகிற இடத்தில் தொடங்குகிறது. நிறைந்த சட்டியைச் சுமந்து காட்டின் நடுவிலிருந்து வேலி ஓரம் வரை போக வேண்டும். வேலியில் கிளுவை அடர்த்தியாக நிற்கும். அதன் காலடியில் கொட்டினால் கிளுவைக்கும் அணைப்பு, மண் கரைவதற்கும் தடை. சரியான முறை இதுதான். ஆனால் மூன்றாவது நடையில் தோள் கழன்றுவிடும். சட்டி அந்தப் பக்கமாகத் தானே சாயும். நாலு கல் பங்காளி காட்டுக்குள் உருண்டால் யார் பார்க்கப்போகிறார்கள்? மறுநாள் காலையில் அந்த நாலும் இரண்டு மடங்காகப் பெருகித் திரும்பி வந்திருக்கும். பங்காளி வீட்டிலும் பேரன்கள் உண்டு. பல கோடைகள் ஒரே கற்கள் இந்த வேலியைத் தாண்டித் தாண்டி விளையாடியிருக்கின்றன. அவற்றில் சிலது முகம் பழகிவிட்டது.

ஏன் முடியவில்லை?

பொறுக்கி முடித்த காடு எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். பார்த்தவர் யாருமில்லை. அடுத்த சித்திரையில் போனால் போன சித்திரை மாதிரியே இருக்கும். “கல்லு முளைக்குதுடா” என்பார் அப்பாரு. அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல் வளரும் என்று உண்மையாகவே நம்புகிற ஒரு பெரிய கூட்டம் எங்கள் ஊரில் இருந்தது. கண்ணால் கண்டதை எப்படி நம்பாமல் இருப்பது?

குளிர்தேசத்தில் கல் கிளம்புவதற்குக் காரணம் சொல்கிறார்கள். மண்ணுக்குள் தண்ணீர் உறைந்து விரிந்து கல்லை ஒவ்வொரு பனிக்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளுகிறது. எங்களுக்குப் பனிக்கட்டி ஐஸ்வண்டியில்தான் வரும். கரிசல் விழுந்த இடங்களில் மண்ணே அந்த வேலையைச் செய்கிறது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், அந்த மூச்சில் கல் மேலேறும். உழவும் கீழே கிடந்ததைப் புரட்டி மேலே போடும்.

ஆனால் எங்கள் செம்மண் காட்டில் பெரிய காரணம் வேறு. கல் மேலே வரவில்லை, மண் கீழே போகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் ஒரு காற்று வருமே, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளை எல்லாம் சுற்றுகிற காற்று, அது உழுதுபோட்ட காட்டின் மேல்மண்ணைப் புகையாகக் கிளப்பிக் கிழக்கே கொண்டுபோகும். ஐப்பசி மழை நாலே நாள் கொட்டினாலும் சரிவில் கலங்கலாக ஓடி ஓடைக்குப் போய்ச் சேரும். பொடியும் சன்னமும் போய்விட, தூக்க முடியாதது மட்டும் தங்கும். அது கல். வருசாவருசம் நாங்கள் கையில் எடுத்துக்கொண்டிருந்தது போய்விட்ட மண்ணின் ரசீது. காட்டில் எவ்வளவு கல் புதிதாகத் தெரிகிறதோ அவ்வளவு மண் காணோம். அந்தக் கல்லைக் குவியலாகப் போடாமல் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்கி வரப்பாக்கியிருந்தால் கொஞ்சம் மண்ணாவது நின்றிருக்கும். கல் வரப்புப் போடச் சொல்லி அரசாங்கத்து நீர்ப்பிடிப்புத் திட்டக்காரர்கள் பிற்பாடு வந்து சொன்னதும் அதைத்தான். எல்லை ஓரம் கொட்டியது பங்காளிக்கு எதிராக. மண் போன திசை வேறு.

கொஞ்சம் நிலத்தை உழாமலே விட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வேலி கட்டி, வெள்வேல மரம் நிறுத்தி, கொழுக்கட்டைப்புல்லை வளர விட்டு மாடு மேய்க்கிற கொறங்காடு. புல் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், கல் எங்கே கிடந்தால் என்ன? காங்கயம் காளை அதற்குள் நடந்து பழகித்தான் அந்தக் குளம்பு வாங்கியது. பேரன்களை வேலைவாங்க முடியாத நிலம் என்ற ஒரே குறைதான் அதற்கு.

இப்போது ஆரம்பிப்பவர்களுக்கு

மாட்டேர் போய் ஒன்பது கலப்பை டிராக்டர் வந்ததும் ஆழத்தில் தூங்கிய கல்லெல்லாம் எழுந்தது. ரோட்டவேட்டர் வந்ததும் அதன் கத்திகள் ஒவ்வொன்றாக மழுங்கி, வளைந்து, டிரைவர் முதலிலேயே, “காட்டுல கல்லு இருக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். “இல்லீங்க” என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கே உழவு நடக்கிறது. டிராக்டருக்குப் பின்னால் பூட்டுகிற கல் பொறுக்கும் இயந்திரமும் வந்துவிட்டது. சல்லடை மாதிரி மண்ணைச் சலித்துக் கல்லைத் தொட்டியில் சேர்க்கிறது. மணிக்கணக்கில் வாடகை. அது மோர் கேட்காது, அஞ்சாங்கல் ஒதுக்காது, சட்டியைச் சாய்க்காது. வாடகையைக் கடலைக்காய் பிடுங்கியதும் வாங்கிக்கொள்ளவும் சம்மதிக்காது. அப்பத்தா விடச் சொன்ன பொடிக்கல்லில் எதை எடுத்து எதை விடுகிறது என்று ஓட்டுகிறவரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கையால் பொறுக்கிக் குவித்த கல் குமியை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். எங்களுடையது எங்களுக்கும் பங்காளிக்கும் நடுப்பொழியில், ஆள் உயரத்துக்கு, கற்றாழை முளைத்து, கீரிப்பிள்ளை குடியிருந்து, பல வருசம் யாரும் சீந்தாமல் கிடந்தது. “உங்க கல்லு” என்று அவர்களும் “உங்க கல்லு” என்று நாங்களும் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். போன வருசம் பக்கத்தில் ஒரு குடோன் கட்டுகிறவர் டிப்பரோடு வந்து, அஸ்திவாரத்துக்கு இந்தக் கல்லை எடுத்துக்கொள்கிறேன், நூறு கன அடி யூனிட்டுக்கு இவ்வளவு என்று விலை சொன்னார். அன்று சாயந்திரமே அது எங்கள் கல் என்பது எங்களுக்கு ஞாபகம் வந்தது. அவர்களுக்கும் அதே நேரத்தில் வந்தது.

குமி யார் பக்கம் இருக்கிறது என்று பார்க்க அத்துக்கல்லைத் தேடினோம். அத்துக்கல் குமிக்குள் இருக்கிறது. குமியை அகற்றினால்தான் அத்துக்கல் தெரியும். அத்துக்கல் தெரிந்தால்தான் குமியை யார் அகற்றலாம் என்று தெரியும். சர்வேயர் வந்து டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கல்லை ஒதுக்கி வெச்சுட்டுச் சொல்லிவிடுங்க” என்று போய்விட்டார். பொறுக்கினவர்களுக்குத்தான் சொந்தம் என்று எங்கள் அத்தை ஒரு நியாயம் சொன்னார். பொறுக்கினவர்கள் திருப்பூரிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறோம். சட்டிக்கு ஐந்து பைசா பாக்கியே இன்னும் தீராத நிலையில் யூனிட் கணக்கு எங்கே பார்ப்பது? டிப்பர்காரர் இரண்டு நாள் இட்டேரியில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்து, குண்டடம் பக்கம் இதைவிட விலை குறைவாகக் கிடைக்கிறது என்று கிளம்பிவிட்டார். கல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. வேண்டுமென்பவர்கள் வரலாம், வரும்போது இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் கேளுங்கள்.